60 சென்டிமீட்டர் மாதிரி 12 மீட்டர் சிற்பமாகும்போது

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். களிமண்ணில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முறுக்கிய பட்டை செய்து வைத்திருக்கிறீர்கள். அது நெடுஞ்சாலை ஓரத்தில் 12 மீட்டர் உயரத்தில், எஃகில் நிற்க வேண்டும். மாதிரியை ஸ்கேன் செய்து, கணினியில் 20 மடங்கு பெரிதாக்கி, லேசரில் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்ததுதானே, இதில் வடிவியல் தெரிந்த ஆள் தனியாக எதற்கு என்று கேட்கிறீர்கள். கடைசியில் எந்த மென்பொருளைக் கற்பது என்றும் ஒரு கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, கணினிக்குள் இருக்கும் வடிவமும் பட்டறையில் செய்யக்கூடிய பொருளும் ஒன்றா என்பதுதான். இல்லை. ஸ்கேன் செய்வதும் பெரிதாக்குவதும் அரை நாள் வேலை. அதன் முடிவில் உங்கள் கையில் இருப்பது சுற்றிப் பார்க்கக்கூடிய ஒரு படம், அவ்வளவே. அந்தப் படம் எஃகாக மாறும் வழி முழுக்க வடிவியல்தான்.

நான் சிற்பியும் அல்ல, கட்டமைப்புப் பொறியாளரும் அல்ல. சிற்பி தரும் வடிவத்தைப் பட்டறைக்கான வரைபடமாக மாற்றுவது என் தொழில். பல ஆண்டுகளாக அதைச் செய்கிறேன். ஆகவே தகடு, மடிப்பு, இணைப்பு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். காற்று, அடித்தளம் பற்றி நான் தரும் எண்கள் தோராயமானவை. அவற்றை வைத்துக்கொண்டு யாரும் அடித்தளம் தோண்ட வேண்டாம்.

பெரிதாக்குவதிலிருந்தே தொடங்கலாம். விகிதம் எந்த அளவிலும் கெடாது. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலைப் பகுக்கும் சிற்ப நூல்களின் தாலக் கணக்கு, உள்ளங்கை அளவு உருவத்துக்கும் கோபுர அளவு உருவத்துக்கும் ஒன்றுபோலவே பொருந்துகிறது. ஆனால் வலிமை விகிதத்தோடு வளர்வதில்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதை எலும்புகளை வைத்து விளக்கினார்: உயரம் 20 மடங்கானால் பரப்பு 400 மடங்காகிறது, கன அளவு 8,000 மடங்காகிறது. தகட்டால் செய்த உள்ளீடற்ற சிற்பத்துக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தகட்டின் தடிமன் மாறாமலிருந்தால் எடை பரப்போடு சேர்ந்து 400 மடங்குதான் கூடும். 8,000 மடங்காவது வேறொன்று. காற்று தள்ளும் விசை 400 மடங்கு, அந்த விசை செயல்படும் உயரம் 20 மடங்கு; இரண்டையும் பெருக்கினால் சிற்பத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை 8,000 மடங்கு. சாலையோரச் சிற்பங்களுக்குப் பெரும்பாலும் எடையைவிடக் காற்றுதான் எதிரி.

உங்கள் வடிவத்துக்கே ஒரு கணக்குப் போடுவோம். பட்டையின் அகலம் 1.2 மீட்டர், அடியிலிருந்து நுனிவரை அரைச் சுற்று, அதாவது 180 பாகை முறுக்கு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்து ஊகித்த அளவுகள் இவை. அரைச் சுற்று முறுக்கில் ஓர் அழகான தற்செயல் உண்டு: எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அதன் நிழலுருவப் பரப்பு மாறுவதில்லை. ஓரிடத்தில் பட்டை முழு அகலத்தைக் காட்டினால் இன்னோர் இடத்தில் விளிம்பை மட்டும் காட்டுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தப் பரப்பை 2 ஆல் பெருக்கி, பை (π) என்ற எண்ணால் வகுத்த அளவு வருகிறது. 12 மீட்டருக்கு 1.2 மீட்டர் பட்டையின் 14.4 சதுர மீட்டரில், காற்றுக்கு எதிரே நிற்பது சுமார் 9.2 சதுர மீட்டர், எத்திசைக் காற்றானாலும். விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,240 நியூட்டன். வடிவத்துக்கான பெருக்கெண்ணை 1.5 என்று எடுத்தால் மொத்த விசை 17,000 நியூட்டன், அதாவது ஒன்றே முக்கால் டன் எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். அது சராசரியாக 6 மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது. அடியிலே சுமார் 10 டன் மீட்டர் திருப்புவிசை. இதே காற்றில் உங்கள் மேசையிலிருக்கும் மாதிரிமீது விழுவது நாலரைக் கிலோவுக்கும் குறைவான தள்ளல். மாதிரி விழாமல் நிற்கிறது என்பது பெரிய சிற்பத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

அந்த 1.5 தான் இந்தக் கணக்கின் பலவீனமான இடம். முறுக்கிய பட்டைக்கு அது கூடலாம், குறையலாம். ஒல்லியான சிற்பங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: காற்று பக்கங்களில் மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கும், அந்த மாற்றத்தின் வேகம் சிற்பத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்விட்டால், மிதமான காற்றிலேயே அது ஆடத் தொடங்கும். முறுக்கு இதைக் குறைக்கப் பொதுவாக உதவுகிறது. உயரமான புகைபோக்கிகளில் திருகு போலத் தகட்டைச் சுற்றி வைப்பது அதற்காகத்தான். உங்கள் சிற்பத்துக்கு எவ்வளவு உதவும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் நகருக்கு அருகே ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டி 1998இல் நிறுவப்பட்ட ‘வடக்கின் தேவதை’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆன்டனி கோர்ம்லியின் படைப்பு. உயரம் 20 மீட்டர், இறக்கைகளின் வீச்சு 54 மீட்டர், எடை சுமார் 200 டன். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. பார்ப்பவர் கண்ணில் படாத 600 டன் கான்கிரீட் மண்ணுக்குள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உடலின் மேலே விலா எலும்புகள் போல ஓடும் தடித்த தகடுகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். காற்றின் சுமையை இறக்கையிலிருந்து கால்வரை இறக்கிக் கொண்டுவரும் சட்டகமே அவைதான். வழக்கமாக உள்ளே மறைந்திருப்பது அங்கே வெளியே வந்து சிற்பத்தின் முகமாகிவிட்டது. இறக்கைகள் தட்டையாக இல்லாமல் 3.5 பாகை முன்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அணைத்துக்கொள்ளும் உணர்வுக்காக அப்படிச் செய்ததாகச் சிற்பி சொல்லியிருக்கிறார்.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத சிக்கலுக்கு வருகிறேன். என் தொழிலில் பாதி நேரத்தை விழுங்குவது இதுதான். தட்டையான தகட்டை எந்த வடிவத்துக்கெல்லாம் வளைக்கலாம்? 1827இல் கார்ல் கௌஸ் நிறுவிய ஒரு தேற்றம் இதற்கு இறுதி விடை தருகிறது. ஒரு பரப்பின் எந்தப் புள்ளியிலும் மிக அதிகமாக வளையும் திசை ஒன்றும் மிகக் குறைவாக வளையும் திசை ஒன்றும் இருக்கும். அந்த இரண்டு வளைவுகளின் பெருக்கல் பலன், பரப்பை இழுக்காமலும் நசுக்காமலும் எப்படி மடக்கினாலும் மாறாது. தட்டைத் தகட்டுக்கு அது பூஜ்யம். ஆகவே வளைத்தபிறகும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும்: ஒரு திசையில் வளைந்தால் இன்னொரு திசையில் நேராக இருந்தாக வேண்டும். உருளை, கூம்பு, இவற்றின் உறவுக்காரப் பரப்புகள் சில. இவ்வளவுதான் தகட்டுக்கு வாய்த்தவை. கோளத்திலும் குதிரைச் சேணத்திலும் இரண்டு திசைகளிலும் வளைவு இருக்கிறது. அவற்றைத் தட்டைப் பொருளிலிருந்து செய்ய ஒன்று பொருளை இழுத்து நீட்ட வேண்டும், அல்லது தையற்காரர் துணியில் பிடிப்பு வைப்பதைப் போல வெட்டிச் சேர்க்க வேண்டும்.

‘என் பட்டை கோளமும் இல்லை, சேணமும் இல்லை, ஒரு நீளமான தகட்டை இரண்டு முனைகளிலும் பிடித்து முறுக்கினால் அதுவாகவே வந்துவிடுமே’ என்பீர்கள். எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அனுபவமுள்ள பட்டறைக்காரர்களும்தான். அகலமான காகிதப் பட்டை ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் விறைப்பாக இழுத்துப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். விளிம்புகள் இறுகும், நடுப்பகுதியில் சுருக்கம் விழும். முறுக்கிய பட்டை ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மெல்லிய சேணம். அதன்மேல் குறுக்கே நேர்க்கோடுகளை வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் நேர்க்கோடுகளால் ஆன பரப்பு எல்லாம் தட்டையாக விரிந்துவிடாது. ஒரு கோட்டின் நெடுகிலும் தொடுதளம், அதாவது பரப்பை அந்தந்த இடத்தில் ஒட்டித் தொடும் தட்டைத் தளம், மாறாமல் இருந்தால்தான் விரியும். முறுக்கிய பட்டையில் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் தொடுதளம் திரும்பிவிடுகிறது. மென்பொருளில் இரண்டு விளிம்புகளை வரைந்து அவற்றுக்கு இடையே பரப்பை நிரப்பச் சொன்னால், அது எந்த முணுமுணுப்பும் இல்லாமல் நிரப்பிக் கொடுத்துவிடும். இது தகட்டில் வருமா என்று நீங்கள் கேட்காதவரை அது சொல்லாது.

எண்களில் பார்ப்போம். நடுக்கோட்டின் நீளம் 12 மீட்டர். நடுவிலிருந்து 0.6 மீட்டர் தள்ளியிருக்கும் விளிம்பு திருகுபோலச் சுற்றிப் போவதால் அதன் நீளம் 12.147 மீட்டர். வித்தியாசம் 147 மில்லிமீட்டர், அதாவது 1.2 சதவீதம். கேட்க அற்பமாகத் தோன்றும். சாதாரணக் கட்டுமான எஃகு திரும்பிவரும் நெகிழ்ச்சியோடு நீளக்கூடியது ஏறத்தாழ 0.12 சதவீதம்தான். அதைப்போல் பத்து மடங்கு நீட்டக் கேட்கிறது உங்கள் வடிவம். முழு அகலத் தகட்டை முறுக்கினால் விளிம்பு நீண்டு நடு நசுங்கி, வயிற்றில் உப்பலும் பள்ளமும் விழும். எத்தனை பெரிய எந்திரம் கொண்டு முறுக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

தீர்வு, பட்டையை நீளவாக்கில் பிளப்பது. 1.2 மீட்டர் அகலத்தை 200 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆறு கீற்றுகளாக்குங்கள். இப்போது ஒவ்வொரு கீற்றுக்குள்ளும் மிஞ்சும் நீள முரண் 0.034 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எஃகு அதை முனகாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கீற்றுகள் நேர்ப்பட்டைகள் அல்ல என்பதில்தான் சூட்சுமம். ஓரக் கீற்றின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட நீளமானது. எனவே தட்டையாக வெட்டும்போதே அது ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக வெட்டப்பட வேண்டும்: ஆரம் சுமார் 30 மீட்டர். 12 மீட்டர் நீளத்தில் நடுப்பகுதி 600 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கும். லேசர் மேசையில் கிடக்கும்போது கத்தி போல வளைந்திருக்கும் அந்தக் கீற்று, சட்டகத்தின்மேல் முறுக்கி ஏற்றியதும் நேராக மேலே போவதுபோலத் தெரியும். நடுவிலிருக்கும் இரண்டு கீற்றுகளுக்கு வட்டத்தின் ஆரம் 150 மீட்டரை ஒட்டி வரும். அவை ஏறக்குறைய நேர்ப்பட்டைகள். இந்த மூன்று வகைக் கீற்றுகளையும் ஒரே மாதிரி நேராக வெட்டிவிட்டுப் பிறகு கிளாம்ப் போட்டு இழுத்துச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். சேரத்தான் செய்யும், சேர்ந்தபிறகு ஒவ்வொரு இணைப்பும் தன் அழுத்தத்தை வெல்டின்மேல் காலகாலத்துக்கும் இறக்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கில் தகட்டின் தடிமனை விட்டுவிட்டேன். 3, 4 மில்லிமீட்டர் தகட்டுக்கு மேலே சொன்னது பொருந்தும். தடித்த தகட்டில் முறுக்கே தனியாக எதிர்ப்புக் காட்டும். மேலும் உங்கள் பட்டைக்கு இரண்டு முகங்கள் உண்டு, நடுவே சட்டகத்துக்கு இடம் வேண்டும். உள்ளே தள்ளி வரையப்பட்ட பரப்பு அதே வடிவத்தின் சிறிய நகலாக இருப்பதில்லை, நீளங்கள் மாறும். இதையெல்லாம் கையால் போடுவது நரகம்; கணினி நொடியில் போடுகிறது. அதன் உண்மையான பெருமை இந்த இடத்தில்தான்.

வேறு வழிகள் இல்லையா? உண்டு, எல்லாவற்றுக்கும் விலை உண்டு. தகட்டை உண்மையிலேயே இழுத்து நீட்டலாம். சுதந்திர தேவி சிலையின் செம்புத் தோல் அப்படித்தான் மர அச்சுகளின்மேல் அடித்து உருவாக்கப்பட்டது, 2.4 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் என்பதால் சுத்தியலுக்கு இணங்கியது. கணினி இல்லாத அந்தக் காலத்தில் சிறு மாதிரியைப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசிப் படியில் துண்டு துண்டாக நான்கு மடங்கு வளர்த்தார்கள். சிகாகோவில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் இரு திசைகளிலும் வளைக்கப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, தையல் தெரியாதபடி தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்டது. அந்த வேலைக்கு ஆன காலத்தையும் பணத்தையும் எல்லாச் சிற்பமும் தாங்காது. நுரைக் கட்டியை எந்திரத்தால் குடைந்து அச்சாக்கி, இழைக் கண்ணாடியிலோ கான்கிரீட்டிலோ வார்த்தால் கௌஸின் தடை கிடையாது. வார்ப்புக்கு எந்த வளைவும் ஒன்றுதான். ஆனால் அது வேறு சிற்பமாகிவிடும், எஃகின் விளிம்பு அதில் வராது.

தடையையே பாணியாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் அருகே எம்9 நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் ‘கெல்பீஸ்’ என்ற இரட்டைக் குதிரைத் தலைகளைப் பாருங்கள். ஆண்டி ஸ்காட்டின் படைப்பு, 2013இல் கட்டி முடிந்தது. உயரம் 30 மீட்டர், ஒவ்வொன்றும் 300 டன். பத்தில் ஒரு பங்கு அளவில் சிற்பி கையால் செய்த மாதிரிகளை லேசர் ஸ்கேன் செய்துதான் அவை உருவாயின. நீங்கள் கேட்ட வழியேதான். ஆனால் தோல் ஒட்டுப்போட்டதுபோலத் தனித்தனித் தகடுகளாக, நடுவே இடைவெளி விட்டு அமைந்திருக்கிறது. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கோணம் மாறுவதை அந்த இடைவெளி மறைத்துவிடுகிறது; அளவில் வரும் சிறு பிழைகளையும் அதுவே விழுங்குகிறது. முழுவதும் வழுவழுப்பாக ஒட்டியிருந்தால் அத்தனை தகடுகளையும் இரு திசைகளிலும் வளைத்திருக்க வேண்டும். என் ரசனையில், நெடுஞ்சாலைக்கு இதுவே சரியான நேர்மை: எஃகால் இயல்பாகச் செய்யக்கூடியதை எஃகாகவே காட்டுவது. இதை எல்லாச் சிற்பிகளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை.

இன்னொரு வழி வளைந்த பரப்பைத் தட்டைத் துண்டுகளால் நிரப்புவது. முக்கோணம் எப்போதும் தட்டை. அதனால் எந்த வடிவத்தையும் முக்கோணங்களால் மூடிவிடலாம். நாற்கரங்களால் மூடினால் இணைப்புகள் குறையும், ஆனால் நாலு மூலைகளும் ஒரே தளத்தில் விழும்படி வலையை அமைப்பது தனிக் கலை. எவ்வளவு சிறிய துண்டுகள் போதும் என்பதற்கு ஒரு கையடக்கக் கணக்கு உண்டு: துண்டின் அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், தட்டைத் துண்டு உண்மையான வளைவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தெரியும். 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அரை மீட்டர் அகலத் துண்டு வைத்தால் விலகல் 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. யாருக்கும் தெரியாது என்று தோன்றும். தெரியும், ஏனென்றால் கண் விலகலைப் பார்ப்பதில்லை, கோணத்தைப் பார்க்கிறது. அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே 7 பாகை மாற்றம். பளபளப்பான எஃகில் பிரதிபலிப்பு அதை இரட்டிப்பாக்கி 14 பாகையாக்கும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் கோடு போட்டதுபோல எழுந்து நிற்கும். அதே வடிவம் துருப்பூச்சு எஃகில், அதாவது மேற்பரப்பில் தானே ஒரு துருப்படலத்தை வளர்த்துக்கொள்ளும் எஃகில், மிக மென்மையாகத் தெரியும். மேற்பூச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களிடம் நான் வாதிடுவது இதனால்தான்: பளபளப்பு வேண்டுமா என்பது துண்டுகளின் அளவை முடிவு செய்கிறது, துண்டுகளின் அளவு செலவை முடிவு செய்கிறது.

ஸ்கேனுக்கும் இது பொருந்தும். மாதிரியில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பதிந்த உங்கள் விரல் தடம் 12 மீட்டரில் 10 மில்லிமீட்டர் பள்ளம். ஸ்கேனரின் சொந்த நடுக்கம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் அது 2 மில்லிமீட்டர் அலையாகிறது. ஸ்கேன் தருவது இலட்சக்கணக்கான சிறு முக்கோணங்கள். அதன்மேல் மென்மையான கணித வளைபரப்பு ஒன்றை யாராவது உட்கார்ந்து புதிதாகப் போர்த்த வேண்டும். எந்தத் தடம் சிற்பியின் எண்ணம், எது களிமண்ணின் தற்செயல் என்று முடிவெடுப்பது அந்த வேளையில்தான். அது சிற்பியின் முடிவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வேலை நடக்கும் நாட்களில் வரைபவரின் பக்கத்தை விட்டு நகரமாட்டேன்.

சாலை என்பதால் வரும் விஷயங்கள் இரண்டு. ஒன்று பார்வை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. 300 மீட்டருக்கு முன்பே சிற்பம் தெரியத் தொடங்கினால் பார்ப்பவருக்குக் கிடைப்பது 11 விநாடி. அந்தத் தொலைவில் உங்கள் 12 மீட்டர் உயரம் கண்ணுக்கு 2.3 பாகை, கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தால் அதன் அகலத்தைச் சற்றே தாண்டும். நுணுக்கம் அங்கே செல்லாது, நிழலுரு மட்டுமே செல்லும். உயரமான சிலைகளின் தலையைச் சற்றுப் பெரிதாக்கும் பழைய வழக்கம், காலடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கானது. தொலைவிலிருந்து சமமட்டத்தில் பார்ப்பவருக்கு அதே திருத்தம் தலை வீங்கியதுபோலத் தோன்றும். யாருக்காகச் செய்கிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, கணினியில் ஒரு கேமராவை ஓட்டுநரின் கண் உயரத்தில் வைத்துச் சாலையின் வளைவு நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள். முறுக்கிய பட்டைக்கு இது மிக முக்கியம்: சில கோணங்களில் அது வெறும் கம்பமாகச் சுருங்கித் தெரியும் இடம் எந்த உயரத்தில் வருகிறது என்பதை அப்போதுதான் காண்பீர்கள்.

இன்னொன்று கண்கூச்சம். குழிந்த பளபளப்பான பரப்பு வெயிலைக் குவிக்கும். குவியும் தூரம் ஆரத்தில் பாதி. 60 மீட்டர் ஆரமுள்ள குழிவு 30 மீட்டரில் குவிக்கும், அங்கே சாலை இருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸின் வால்ட் டிஸ்னி இசை அரங்கத்தில் கண்கூசச் செய்த சில பளபளப்புத் தகடுகளை 2005இல் தேய்த்து மங்கலாக்க வேண்டிவந்தது. லண்டனில் 20 ஃபென்சர்ச் தெரு கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகம் 2013இல் கீழே நிறுத்தியிருந்த ஒரு காரின் பாகங்களை உருக்கியது. இரண்டும் கட்டடங்கள்தான், ஆனால் ஒளிக்கு அந்த வேறுபாடு தெரியாது. முறுக்கிய பட்டை சேணம் போன்றது என்பதால் ஒரு திசையில் குவித்தாலும் மறுதிசையில் சிதறடித்துவிடும். ஆபத்து குறைவு, இருந்தாலும் ஆண்டு முழுவதும் வெயில் விழும் கோணங்களை மென்பொருளில் ஓட்டிப் பார்க்காமல் மின்னும் மேற்பூச்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெப்பத்தால் வடிவமே மாறும் என்பதையும் வரைபடம் மறந்துவிடும். 12 மீட்டர் துருப்பிடிக்காத எஃகு 40 பாகை செல்சியஸ் சூடேறினால் 8 மில்லிமீட்டர் நீளும். வெயில் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தால் மறுபக்கம் சாயும். செயின்ட் லூயிஸில் 192 மீட்டர் உயர ‘கேட்வே ஆர்ச்’ தோரணத்தின் கடைசித் துண்டை 1965 அக்டோபர் 28 அன்று பொருத்தியபோது, வெயிலில் நீண்டுவிட்ட தெற்குக் காலின்மேல் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த வடிவம் தொங்கும் சங்கிலியின் வளைவை ஒட்டிய ஒரே சமன்பாட்டிலிருந்து வந்தது. இன்றைய வடிவமைப்பு மென்பொருள் எதுவும் அப்போது இல்லை. வெல்டிங்கில் ஏற்படும் சுருக்கமும் இந்த வகைதான். அதைச் சரியாக முன்கூட்டிச் சொல்வது இன்றும் பட்டறை அனுபவத்தைச் சேர்ந்தது. முதல் இரண்டு மீட்டரை மட்டும் முழு அளவில் செய்து அளந்து பார்ப்பதே என் பரிந்துரை.

மென்பொருள் கேள்விக்கு வருகிறேன். விமானம் வடிவமைக்க உருவான ‘காட்டியா’ என்ற மென்பொருளை, 1992 ஒலிம்பிக்குக்காக பார்சிலோனா கடற்கரையில் எழுந்த 56 மீட்டர் நீள மீன் சிற்பத்துக்குக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியின் அலுவலகம் பயன்படுத்தியது. சிற்பத்துக்கும் பட்டறைக்கும் நடுவே காகிதம் இல்லாமல் கோப்பே போகலாம் என்று அது காட்டியது. இன்று அத்தனை பெரிய கருவி தேவையில்லை. கணித வளைபரப்புகளைக் கையாளும் ‘ரைனோ’வும், அதற்குள் வேலைசெய்யும் ‘கிராஸ்ஹாப்பர்’ என்ற துணைக்கருவியும் உங்கள் அளவுக்குப் போதும். முறுக்குக் கோணத்தை 180இலிருந்து 150 ஆக மாற்றினால் கீற்றுகள் எல்லாம் தாமாகவே மறுபடி கணக்கிடப்படும்படி அதில் அமைக்கலாம். உருவம் செதுக்கும் மென்பொருள்கள் மாதிரிக்கு நன்றாக இருக்கும், தகட்டை விரிக்க உதவாது. எதைக் கற்றாலும், பரப்பின் கௌசிய வளைவை, அதாவது மேலே சொன்ன இரண்டு வளைவுகளின் பெருக்கல் பலனை, நிறத்தால் காட்டும் கட்டளை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடி வையுங்கள். பட்டறைக்குக் கோப்பு அனுப்பும்போது முப்பரிமாண வடிவம், விரித்த கீற்றுகள், ஒவ்வொரு கீற்றின் எண், மேல் கீழ் அடையாளம், பொருத்தும் இடங்களைக் குறிக்கும் ஆயப் புள்ளிகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கோப்பின் அலகு மில்லிமீட்டரா மீட்டரா என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் படத்தில் தெரியாத ஒன்று: அடியில் பட்டை தரையைத் தொடும் இடத்தில் அகலம் குறைகிறதா? குறைந்தால் திருப்புவிசை மிகுந்திருக்கும் இடத்திலேயே எஃகு குறைகிறது. கீற்றுக் கணக்கும் மாறும். அந்தப் பகுதியின் படத்தையும், மாதிரியின் அகலத்தை மூன்று உயரங்களில் அளந்தும் அனுப்பினால் கீற்றுகளின் ஆரங்களை மறுபடி போட்டுத் தருகிறேன்.